ஆறட்டும் என்றேன்

கூடாரத்தின் திரையை விலக்கித் தலையை உள்ளே நீட்டினேன். கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த வசந்தா என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த வண்டிக்குங்க?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். வசந்தா என் மனைவி. விருத்தாசலம் ஜங்ஷனில் விசாரணை கவுண்ட்டரில் அவளுக்கு வேலை. ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிப்பதும் அவள்தான். நாள் முழுக்க அந்தத் துவாரத்தில் தலையை நீட்டுகிறவர்களிடம் கேட்கிற கேள்வியைப் பதினாலாயிரம் அடி உயரத்தில் என்னிடம் கேட்கிறாள், குறும்பு போகவில்லை என்று நினைத்தேன். "காசிக்குப் போற வண்டிங்க" என்று நானும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "லேட்டுங்க" என்றாள். பிறகு கையில் இருந்த ஷூ கயிற்றைத் திரும்பவும் பார்க்க ஆரம்பித்தாள். அதைக் கட்டுவதற்கு அவள் அரை மணி நேரமாக முயன்றுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதுதான் மூளை வீக்கத்தின் முதல் அறிகுறி. நான் அதற்குச் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரமான மலைக்குப் போக இருப்பவர்களுக்கும், மூளை வீக்கம் வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் தேடிக்கொள்ள எழுதவில்லை. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

மலைக்குப் போக ஆசைப்பட்டது அவள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரயில்வேயில் வேலை செய்கிற சிலர் சேர்ந்து இமயமலையில் ஒரு கணவாய்க்கு நடந்து போகிறார்கள், எட்டு நாள் நடை, கூடவே வழிகாட்டி வருவார் என்று கேள்விப்பட்டு வந்தாள். ரயில்வே பாஸ் இருக்கிறது, எனக்கும் சேர்த்து. எனக்கு விருப்பமில்லை. சூளையை யார் பார்ப்பது என்றேன்.

"இருவது வருசமா மத்தவங்கள வண்டி ஏத்தி அனுப்பிகிட்டே இருக்கேன். நான் எப்பங்க போறது?" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த மகள் மலரைப் பெண்ணாடத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறகு நடந்தது அதனால்தான் நடந்தது. நான் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை மேஸ்திரி. கோப்பை, ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி என்று எது வந்தாலும் அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, தீ மூட்டுவேன். சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சரக்கு வெடிக்கும். இறக்கும்போது அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். ஒரு நாளில் ஏற்றிய சூடு தானாக இறங்க இரண்டு நாள் ஆகும். அதுவரை வாசல் செங்கலில் ஒன்றைக்கூட உருவக் கூடாது.

புதிதாக மேஸ்திரி ஆன சமயத்தில், முதலாளியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருமுறை அரை நாள் முன்னதாகச் சூளை வாசலைப் பிரித்துவிட்டேன். குளிர்ந்த காற்று உள்ளே போனதும் கோப்பைகள் டிங், டிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரிசல் விட ஆரம்பித்தன. சாயங்காலம் வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை. அன்றிலிருந்து எவன் வந்து அவசரப்படுத்தினாலும் நான் சொல்வது ஒரே வார்த்தைதான். ஆறட்டும்.

மலையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பெயர் பிஷன் சிங். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். முதல் நாளே சொன்னார், மெதுவாக ஏற வேண்டும், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், ஒவ்வொரு உயரத்திலும் உடம்பு பழகும்வரை தங்க வேண்டும் என்று. வசந்தாதான் இந்தியிலிருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். "இது நம்ம சூளைக் கணக்குதான்டி" என்றேன். அடுத்த நாளிலிருந்து முட்டி மோதி ஏறிய இளவட்டங்களுக்கெல்லாம் நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் எனக்கு 'சூளை சார்' என்று பெயர் வைத்தார்கள். மலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அங்கேதான் வந்தது.

ஏற்றம் செங்குத்து. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பார்க்கவே கூடாத பள்ளம். நான்காம் நாள் சாயங்காலம் அவளுக்குத் தலைவலி வந்தது. மாத்திரை போட்டாள். ஐந்தாம் நாள் காலையில் வாந்தி எடுத்தாள். எல்லோருக்கும்தான் தலைவலி இருந்தது. பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். பகலெல்லாம் நடந்து முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த 'எந்த வண்டிக்குங்க?'

சற்று நேரம் கழித்து அவள் கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள். மழையில் வழுக்கும் வரப்பின்மேல் நடப்பதுபோல் கால்களை அகட்டி வைத்து நடந்தாள். பிஷன் சிங் அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த கம்பால் மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்து, அதன்மேல் நடக்கச் சொன்னார். முதல் அடியை வைத்தாள். இரண்டாவது அடி கோட்டைவிட்டு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "நீச்சே." கீழே என்று அர்த்தம். அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும்.

குழுவில் எங்களைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் ஒருவர்தான். விழுப்புரத்து டிக்கெட் பரிசோதகர் பாஸ்கரன். அவர் எனக்கும் பிஷன் சிங்குக்கும் நடுவில் நின்றார்.

"இப்பவே எறக்கணும்ங்கிறாரு சார். வெளிச்சம் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. முதுகுல தூக்கிட்டுப் போறேங்கிறாரு" என்றார்.

"இப்படி ஒரேயடியா எறக்கக் கூடாதுங்க. அஞ்சு நாளா ஏத்தின ஒடம்ப ரெண்டு மணி நேரத்துல எறக்குனா என்னாவும்? இன்னிக்கி இங்கியே ஆறட்டும். காலையில பாத்து, படிப்படியா எறக்கலாம்" என்றேன்.

பாஸ்கரன் அதை இந்தியில் சொன்னார். பிஷன் சிங் தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஏதோ பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஏறும்போதுதான் மெதுவாம் சார். எறங்குறதுக்கு அந்தச் சட்டம் கெடையாதாம். காத்திருந்தா ஆறுற வியாதி இது இல்லன்னு சொல்றாரு."

"அவருக்கு மலை தெரியும். எனக்குச் சூடு தெரியும்" என்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு காலம் கழித்துப் பேனாவை எடுத்தேன். நான் புருஷன். என் பேச்சை மீறி அவளைத் தூக்கிக்கொண்டு போக அவர்களால் முடியவில்லை. பாஸ்கரனும் "வூட்டுக்காரர் சொல்றாரு, என்ன பண்றது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன். விடிந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை. நான் ஆறட்டும் என்று சொன்னதிலிருந்து பதினான்கு மணி நேரம் போயிருந்தது.

பிஷன் சிங் ராத்திரி முழுக்க எங்கள் கூடார வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். பாஸ்கரன் பிறகு சொன்னார். பிஷன் சிங் ஒரு போர்வையை நாலாக மடித்து, அதில் அவளை உட்கார வைத்து, தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு நாளில் ஏறியதை நாலு மணி நேரத்தில் இறங்கினார். நானும் பாஸ்கரனும் பின்னால் விழுந்தும் எழுந்தும் ஓடினோம். ஒரு ஓடையைத் தாண்டும்போது வசந்தா கண்ணைத் திறந்தாள். அத்தனை சீக்கிரம் இறக்கியும் அவள் உடம்பில் எதுவும் வெடிக்கவில்லை. உயரம் குறையக் குறைய அவளுக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. என் கண்ணெதிரில் அது நடந்தது.

கீழே ராணுவ முகாம் ஒன்றில் மருத்துவர் இருந்தார். ஆக்ஸிஜன் வைத்தார். டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ஊசி போட்டார். அங்கிருந்து ஜீப்பில் அடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள் இருந்தோம். காற்றில் பிராணவாயு குறைந்த உயரத்தில் சிலருக்கு மூளையில் எடிமா (நீர் கோத்து வீங்குதல்) வரும் என்றும், தடுமாற்றமும் குழப்பமும் தெரிந்தவுடன் இறக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் அங்கிருந்த பெண் மருத்துவர் சொன்னார். பாஸ்கரன் அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஊருக்கு வந்தோம். வசந்தா பிழைத்துவிட்டாள். ஆனால் நடை தள்ளாடியது. அதைவிடப் பெரிது, அவள் குரல். தொண்டை அதேதான். வார்த்தைகள்தான் இழுபட்டு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, குடித்தவர் பேசுவதுபோல் வந்தன. மும்மொழியில் வண்டி பெயர்களைத் தண்ணீர் ஊற்றுவதுபோல் சொன்னவளுக்கு, 'விருத்தாசலம்' என்ற ஒரு வார்த்தைக்கு மூன்று முறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. அறிவிப்பு வேலைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அந்தப் புதுக் குரல் வீடு வரை கேட்டபோது அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நல்லது கெட்டது விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "மேஸ்திரி இல்லன்னா வசந்தா பொழச்சிருக்குமா? மலையிலேர்ந்து கொண்டாந்து சேத்துட்டாரே." வசந்தாவும் அதை நம்பினாள். முகாமுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் முழுதாக விழித்தது வரை அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. நான் சும்மா இருந்தேன்.

பாண்டிச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பொறுமையானவர். ஸ்கேன் படத்தைப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், குதிகாலை முட்டியில் வைத்து இழுக்கச் சொன்னார். அடாக்ஸியா (அசைவும் பேச்சும் ஒழுங்கு தப்புதல்) என்றார். சிறுமூளை (நடை, பேச்சு ஆகியவற்றின் அளவைப் பார்த்துக்கொள்ளும் பகுதி) அடிபட்டிருக்கலாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"தடுமாற்றம் தெரிஞ்ச பிறகு எவ்வளவு நேரத்துல கீழ எறக்குனீங்க?"

வசந்தா பக்கத்தில் இருந்தாள். மலர் இருந்தாள். "உடனே எறக்கிட்டோம் டாக்டர்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் ஆகியும் பேச்சில் முன்னேற்றம் போதவில்லை. மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. "உடனே எறக்கியிருந்தா இந்தக் கோளாறு இவ்வளவு நாள் தங்கக்கூடாது. உள்ளுக்குள்ள வேற எதாவது இருக்குதான்னு பாத்துடணும்" என்றார். முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள் (மூளையைச் சுற்றியுள்ள நீரில் தொற்று, வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க). அவளைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, அசையக் கூடாது என்றார்கள். அவள் கை என் கைக்குள் இருந்தது. அதன்பின் ஒரு வாரம் தலையைத் தூக்க முடியாத வலி. அந்தச் சோதனையில் எதுவும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை போனபோது இன்னும் ஒரு சோதனைக்கு எழுதினார். வசந்தா சோர்ந்த கையால் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் திரும்ப உள்ளே போனேன்.

"டாக்டர், உடனே எறக்கல. பதினாலு மணி நேரம் மேலயே வெச்சிருந்தேன். வழிகாட்டி எறக்கச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

அவர் கத்தவில்லை. ஃபைலைப் புரட்டி, அந்தப் பழைய வரியைத் தேடி, ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே வேறு எழுதினார். சோதனைச் சீட்டைத் திரும்பக் கேட்டார்.

"இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த ஊசி அவங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. நான் அவங்ககிட்ட சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் மருத்துவரிடம் சொல்கிற பொய் நோயாளியின் உடம்பில்தான் போய் இறங்கும். என் மானத்தைக் காப்பாற்றியதற்கு அவள் முதுகு விலை கொடுத்தது. நீங்கள் எவ்வளவு பெரிய தப்பு செய்திருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கேவலமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் வசந்தாவிடம் சொன்னேன். பண்ருட்டி தாண்டியிருந்தது. வழிகாட்டி கோடு கிழித்தது, நீச்சே என்றது, நான் ஆறட்டும் என்றது, பிறகு டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக் கேட்டாள். "அப்ப... நான்... என்னா... சொன்னேன்?"

இந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்டதில்லை. டாக்டர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பிஷன் சிங்கிடம் நான் வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்தாள். 'கீழ போயிடலாங்க' என்றாள். சற்று முன்புதான் என்னைப் பயணி என்று நினைத்துப் பேசியவள், இதுவும் உளறல் என்று நான் எடுத்துக்கொண்டேன். 'காலையில போலாம், நீ படு' என்றேன்.

"கீழ போயிடலாம்னு சொன்ன" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடிக்கப் போன என்னை நிறுத்திவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன்.

ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள். நான் கேட்டதற்குத் தலையாட்டினாள். மலரிடமும் நானே சொன்னேன். "அம்மா சொன்னத கேட்டிருக்கலாமேப்பா" என்றாள்.

பத்தாம் நாள் காலையில் வசந்தா என் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நேரம் பாருங்க" என்றாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பயணிகளின்" என்று ஆரம்பித்தாள்.

பேச்சுப் பயிற்சி என்று பாண்டிச்சேரியில் சொல்லிக்கொடுத்ததை அவள் தன் அறிவிப்பை வைத்தே செய்யத் தீர்மானித்திருந்தாள். முன்பெல்லாம் இருபது வினாடியில் முடிகிற அறிவிப்பு. அன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. 'கனிவான' என்பதில் தடுக்கி நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், "கவனத்திற்கு" என்று நானே அடுத்ததை எடுத்துக்கொடுத்தேன்.

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். "நீங்க... சொல்லாதீங்க. நான்... சொல்ற வரைக்கும்... இருங்க."

தினமும் காலையில் அரை மணி நேரம். எனக்கு இது சூளையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தைக்காகப் போராடும்போது என் தாடை இறுகும், நாக்கு தானாகப் புரளும். வேலைக்குப் போவதற்குள்ளேயே களைத்துவிடுவேன். சில நாள் அவள் பாதியில் நிறுத்திக் கடிகாரத்தைத் தள்ளிவிடுவாள். சில நாள் எனக்கு எரிச்சல் வரும். சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தியிருக்கிறேன். வெளியே சொன்னதில்லை. முதல் வருடத்தில் ஒரு நிமிடத்துக்கு வந்தாள். இரண்டாம் வருடத்தில் நாற்பது வினாடி. அதற்குக் கீழே இறங்கவில்லை. "இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போதும் அவளுக்குக் கோட்டின்மேல் நேராக நடக்க வராது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். என் உடம்பில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அதன் பேச்சை நான் நம்புவதில்லை. சூளை வாசலில் கையை வைத்துச் சூடு பார்ப்பேன். இன்னும் ஆறவில்லை என்று கை சொல்லும். ஏழுமலையைக் கூப்பிட்டு அவனையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். ஏழுமலை என்னோடு பல வருடமாக வேலை செய்கிறவன், முன்பு என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். இப்போது அவன் சொல்வதையும் கேட்டுத்தான் பிரிக்கிறேன். யாராவது டீக்கடையில் என்னைப் புகழ ஆரம்பித்தால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது. டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மன்னித்துவிட்டாயா என்று நான் அவளைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. காலையில் கடிகாரம் மட்டும் வரும்.

மூன்றாம் வருடம் அவளை மறுபடி மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அவளே எழுதிக் கேட்டு, பேசிக் காட்டி, வாங்கிய வேலை. பரபரப்பில்லாத பகல் நேரத்தில் தமிழ் அறிவிப்பு மட்டும்.

எங்கள் கம்பெனி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நன்றாகக் கேட்கும். அவளுடைய முதல் நாள் இங்கே சூளை பிரிக்கும் நாளாக இருந்தது. சூடு நன்றாக இறங்கியிருந்தது. எல்லோரும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றார்கள். அப்போது "பயணிகளின்..." என்று ஆரம்பித்தது.

எங்கள் ஆட்களில் யாரோ சிரித்தது தெரிந்தது. 'கனிவான' வருவதற்குள் வண்டியின் ஊதல் கேட்டுவிட்டது. எந்த வண்டி வரப்போகிறது என்று அவள் சொல்ல வந்தாளோ அந்த வண்டியே பிளாட்பாரத்துக்குள் தடதடவென்று வந்து நின்றது. அவள் நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே அடுத்த வார்த்தை வந்தது, பிறகு அதற்கடுத்தது.

"மேஸ்திரி, ஆறிடுச்சு. பிரிச்சிடலாமா?" என்றான் ஏழுமலை.

"இருடா" என்றேன். "அவ முடிக்கட்டும்."